கஞ்சாவைக் குறைக்க ஓடலாமா? நெல்லைப் பக்கத்து இளவட்டங்கள் கேட்கிற கேள்விகளும் பதில்களும்

பாளையங்கோட்டையில் மைதானத்துக்கு வருகிற இளவட்டங்களுக்கு ஓட்டப் பயிற்சி சொல்லிக்கொடுப்பது என் வேலை. மூச்சு வாங்குது, ரெண்டு ரவுண்டுக்கு மேல முடியலை என்று ஆரம்பிக்கிற பேச்சு, கொஞ்சம் நம்பிக்கை வந்ததும் கஞ்சாவில் வந்து நிற்கும். காலேஜ் பிள்ளைகள், கங்கைகொண்டான் கம்பெனிகளில் ஷிப்ட் பார்க்கிறவர்கள், போலீஸ் தேர்வுக்கு ஓடுகிறவர்கள், பிள்ளையை நினைத்துத் தூங்காத அம்மாக்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. எந்த இடத்தில் டாக்டரிடம் போயே ஆகவேண்டுமோ அதையும் கீழே சொல்லியிருக்கிறேன், அந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

ஓடினால் கஞ்சா குறையும் என்கிறீர்களே, நிஜமா, இல்லை தைரியத்துக்குச் சொல்கிறதா?

நிஜம். ஆனால் எவ்வளவு தூரம் நிஜம் என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தார் 2011-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தினமும் இழுக்கிற 12 பேர், சராசரி வயது 25, அதில் எட்டுப் பேர் பெண்கள். விடவேண்டும் என்று ஒருவரும் வரவில்லை, சிகிச்சையும் கேட்கவில்லை. இரண்டு வாரத்தில் 10 தடவை, தடவைக்கு 30 நிமிடம், டிரெட்மில்லில் ஓடவிட்டார்கள், அவ்வளவுதான், புத்திமதி கிடையாது. பயிற்சிக்கு முன்னால் நாளுக்குச் சராசரியாக 5.9 கஞ்சாச் சுருட்டு என்று இருந்த எண்ணிக்கை, ஓடிய அந்த இரண்டு வாரத்தில் 2.8-க்கு வந்துவிட்டது. ‘இப்போ ஒண்ணு அடிக்கணும்’ என்கிற அந்தத் தேட்டமும் குறைந்தது.

அப்புறம் பயிற்சியை நிறுத்தினார்கள். அடுத்த இரண்டு வாரத்தில் 4.1-க்கு ஏறிவிட்டது. பழைய அளவுக்குப் போகவில்லை, ஆனால் ஏறியது. 12 பேரை வைத்துச் செய்தது, ஓடாத ஒரு கூட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காதது, ஆகவே இதை வைத்துக்கொண்டு ‘ஓடினால் போதும், விட்டுப்போகும்’ என்று யாராவது சத்தியம் செய்தால் நம்பாதீர்கள். நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது இரண்டு: விடவேண்டும் என்று நினைக்காதவர்களுக்குக்கூடக் குறைந்திருக்கிறது; ஓட்டம் நின்றால் பலனும் நழுவுகிறது.

அது எப்படிக் குறையும்? உடம்புக்குள் என்ன நடக்கிறது?

கஞ்சாவில் போதை தருகிற பொருள் டி.எச்.சி. 1964-இல் இஸ்ரேலில் அதைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். மூளையில் அது போய் ஒட்டிக்கொள்ள ஏற்கெனவே இடங்கள் இருக்கின்றன, அவற்றை ஏற்பிகள் என்பார்கள். கஞ்சாச் செடிக்காக நம் மூளை இடம் ஒதுக்கி வைத்திருக்காதே, அப்படியென்றால் அந்த இடத்துக்கு உரிய சொந்தப் பொருள் ஒன்று உடம்பிலேயே சுரக்கவேண்டும் என்று தேடினார்கள். 1992-இல் கிடைத்தது. ஆனந்தமைடு என்று பேர் வைத்தார்கள்.

இந்த ஆனந்தமைடு, ஓடினால் ரத்தத்தில் கூடுகிறது. 2003-இல் கல்லூரி மாணவர்களை 50 நிமிடம், கொஞ்சம் மூச்சு வாங்குகிற வேகத்தில், சிலரை ஓடவும் சிலரை சைக்கிள் மிதிக்கவும் விட்டுப் பார்த்ததில் தெரிந்தது. ஓடி முடித்ததும் வருகிற அந்த லேசான சுகத்துக்கு உடம்பே சுரக்கிற வலி தணிக்கும் பொருளான எண்டார்பின்தான் காரணம் என்று அதுவரை எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2021-இல் ஜெர்மனியில் எண்டார்பின் வேலை செய்யாதபடி மருந்து கொடுத்துவிட்டு ஓடச் சொன்னார்கள், அப்போதும் அந்தச் சுகம் வந்தது, பதற்றமும் குறைந்தது. ஆகவே எண்டார்பின் மட்டும் காரணம் இல்லை.

தினமும் இழுக்கிறவர் மூளையில் இந்த ஏற்பிகள் குறைந்துபோய்விடும். வெளியிலிருந்து இவ்வளவு வந்து கொட்டும்போது மூளை தன் பங்குக்குச் சிலதை இழுத்து மூடிவைக்கிறது. அதனால்தான் முன்பு ஒன்றில் கிடைத்தது இப்போது மூன்றில்கூடக் கிடைப்பதில்லை, கஞ்சா இல்லாத நேரத்தில் சாப்பாடு, பாட்டு, கூட்டாளிகள் எதிலும் ருசி இல்லை. நிறுத்தினால் ஏறக்குறைய நான்கு வாரத்தில் அவை திரும்பிவிடுவதை ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள். அந்த நான்கு வாரம்தான் வறட்சியான காலம். அதைத் தாண்டுவதற்கு ஓட்டம் கைகொடுக்கிறது.

எல்லாமே ரசாயனம் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். தூக்கம் சரியாகிறது, மனசு லேசாகிறது, ஒரு மணி நேரம் கை வேறு வேலையில் இருக்கிறது. இவை சின்ன விஷயம் இல்லை.

முழுசா விட்டுட்டு ஓட ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். சரிதானே அண்ணாச்சி?

இல்லை தம்பி. இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வந்ததே இதற்கான பதில்தான். விட்ட பிறகு ஓடலாம் என்று தள்ளிப்போடுகிறவர்கள் விடுவதும் இல்லை, ஓடுவதும் இல்லை. ‘ஆடி முடியட்டும்’, ‘செமஸ்டர் முடியட்டும்’, ‘ஒண்ணாம் தேதியிலிருந்து’ என்று ஒரு நல்ல நாளுக்காகக் காத்திருந்து காத்திருந்து வருசம் ஓடிவிடும். நேற்று ராத்திரி இழுத்திருந்தாலும் இன்றைக்குச் சாயங்காலம் வாங்க. இழுக்கிற காலத்திலேயே ஓட ஆரம்பித்து, ஓட்டம் கூடக் கூட இழுப்பு தானாகச் சுருங்குவதற்கு இடம் கொடுங்கள். மேலே சொன்ன 12 பேரும் அப்படித்தான் குறைத்தார்கள்.

‘நான் கஞ்சா அடிக்கிறவன், மைதானத்துக்கு வர எனக்கு என்ன யோக்கியதை’ என்று ஒரு பையன் என்னிடம் கேட்டான். மைதானத்து மண்ணுக்கு யோக்கியதை பார்க்கத் தெரியாது. ஷூ இருக்கா, அது போதும். ஷூ இல்லையென்றாலும் புல்லில் வெறுங்காலோடு நடக்கலாம்.

காலையில் ஓடணுமா, சாயங்காலமா?

பொதுவாகக் காலை நல்லது என்பார்கள். உங்கள் விஷயத்தில் கேள்வி வேறு: உடம்பு எப்போது தேடுகிறது?

ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள், முடிந்தால் போனில் குறித்து வையுங்கள். எந்த மணிக்கு ஞாபகம் வருகிறது, யார் போன் வந்ததும் கால் தானாக வண்டியை நோக்கிப் போகிறது, எந்தத் தெருமுனை வந்ததும் கை பாக்கெட்டைத் தடவுகிறது என்று. நான் பார்த்தவர்களில் பெரும்பாலோருக்கு அது சாயங்காலம் ஐந்தரைக்கும் ஏழுக்கும் நடுவில். வேலை முடிந்திருக்கும், வெயில் தணிந்திருக்கும், வீட்டுக்குப் போனால் அம்மா ஏதாவது கேட்பாள், போகாமல் இருந்தால் கூட்டாளிகள் வாய்க்கால் பாலத்திலோ மொட்டை மாடியிலோ கூடியிருப்பார்கள். அந்த நேரத்துக்கு அரை மணி முன்னால் ஓட்டத்தை வையுங்கள். ஐந்தரைக்குத் தேடுமென்றால் ஐந்துக்கே மைதானத்தில் நிற்கவேண்டும். தேட ஆரம்பித்த பிறகு ஷூவைத் தேடினால் நடக்காது.

தேட்டம் எப்போதும் ஒரே உயரத்தில் நிற்பதில்லை. ஏறும், கொஞ்ச நேரம் ஆட்டிவைக்கும், இறங்கிவிடும். நம்மைக் கவிழ்ப்பது அந்த உச்சிதான். அந்தக் கால் மணி, அரை மணி நேரத்தைக் காலை அசைத்துக்கொண்டே கடந்துவிட்டால் அன்றைக்கு ஒன்று குறைந்தது.

ராத்திரி ஷிப்ட் பார்க்கிறவர்களுக்குக் காலையில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்குகிற நேரம்தான் ஆபத்து. ‘தூங்கணும்ல, ஒண்ணு போட்டாத்தான் தூக்கம் வரும்.’ அவர்கள் பஸ் இறங்கியதும் 20 நிமிடம் வேகமாக நடந்துவிட்டு வீட்டுக்குப் போகட்டும், நெஞ்சு பதைக்கிற ஓட்டம் வேண்டாம், தூக்கம் தள்ளிப்போகும்.

எவ்வளவு நேரம், எவ்வளவு வேகம்?

30 நிமிடம், வாரத்துக்கு ஐந்து நாள். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பெரியவர்களுக்குச் சொன்னது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, ஆகவே இது அந்தக் கணக்குக்குள்ளேயே வந்துவிடும்.

வேகத்துக்குச் சுலபமான அளவு: பக்கத்தில் ஓடுகிறவனிடம் ஒரு வாக்கியம் பேச முடியவேண்டும், பாட்டுப் பாட முடியக்கூடாது. நாடித்துடிப்பு பார்க்கிற வாட்ச் வைத்திருப்பவர்களுக்கு அந்த வாண்டர்பில்ட் ஆய்வின் கணக்கையே தருகிறேன். 220-இல் வயதைக் கழியுங்கள். அதிலிருந்து சும்மா உட்கார்ந்திருக்கும்போது இருக்கிற துடிப்பைக் கழியுங்கள். மீதியில் 60 முதல் 70 சதவீதத்தை எடுத்து, உட்கார்ந்திருக்கும் துடிப்போடு கூட்டுங்கள். 24 வயது, உட்கார்ந்தால் 72 என்றால், 146-க்கும் 159-க்கும் நடுவில் ஓடவேண்டும்.

முதல் வாரம் யாரும் 30 நிமிடம் தொடர்ந்து ஓடாதீர்கள். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி மாற்றி மாற்றிப் பத்துத் தடவை. இரண்டாம் வாரம் இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. புகை குடித்த நெஞ்சில் சளி கட்டியிருக்கும், முதல் சில நாள் இருமல் வரும். பயப்படவேண்டாம். ஆனால் நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றினாலோ, துடிப்பு தாறுமாறாக அடித்தாலோ அங்கேயே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

நம்ம ஊர் வெயிலில்?

சித்திரை, வைகாசியில் காலை ஏழுக்குள் முடித்துவிடுங்கள், இல்லையென்றால் சாயங்காலம் ஆறுக்கு மேல். தண்ணீர், உப்புப் போட்ட நீர்மோர், பதநீர் கிடைக்கிற நாளில் பதநீர். ஆனி, ஆடியில் மேற்கே சாரல் விழுந்து இங்கே காற்று அடிக்க ஆரம்பித்துவிட்டால் ஓட அதைவிட நல்ல காலம் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்குங்கள்.

ஒண்ணு அடிச்சுட்டு ஜிம்முக்குப் போனா நல்லா செய்ய முடியுதுன்னு பசங்க சொல்றாங்களே?

வேண்டாம். இழுத்ததும் இதயத்துடிப்பு ஏறும், அந்த ஏற்றம் இரண்டு மூன்று மணி நேரம்கூட இருக்கும். அதன் மேல் பாரம் தூக்குவதும் ஓடுவதும் இதயத்துக்கு இரட்டைச் சுமை. இழுத்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் ஆபத்து மற்ற நேரத்தைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று 2001-இல் அமெரிக்காவில் கணக்கிட்டிருக்கிறார்கள். இளம் வயதில் மாரடைப்பே அபூர்வம் என்பதால் ஐந்து மடங்கானாலும் சிறிய எண்தான், இருந்தாலும் வீட்டில் யாருக்காவது சின்ன வயதிலேயே இதய நோய் வந்திருந்தால் உங்களுக்கு அது சிறியது இல்லை. தவிர, போதையில் தூரமும் நேரமும் சரியாகப் பிடிபடாது. பெஞ்ச்சில் படுத்துக்கொண்டு தலைக்கு மேலே பாரம் தூக்குகிற இடத்தில் அது விளையாட்டு இல்லை.

பயிற்சிக்கு முன்னால் இல்லை என்ற ஒரு விதியை மட்டும் முதலில் வையுங்கள். அந்த ஒன்றே சாயங்கால இழுப்பை இரண்டு மணி நேரம் தள்ளிவிடும். தள்ளிப்போனது சில நாளில் நடக்காமலே போகும்.

குறைச்சதிலிருந்து தூக்கமே இல்லை, எல்லார் மேலயும் எரிஞ்சு விழுறேன், சோறு இறங்கலை. எனக்கு ஏதாவது ஆயிடுச்சா?

ஒன்றும் ஆகவில்லை, உடம்பு பழக்கத்தைத் தேடுகிறது. நிறையப் பழகியவர் நிறுத்தினால் ஓரிரு நாளில் ஆரம்பிக்கும், முதல் வாரத்துக்குள் உச்சம், இரண்டு மூன்று வாரத்தில் ஓயும். எரிச்சல், பதற்றம், பசியின்மை, வியர்வை, தூக்கம் கெடுவது, அப்புறம் கனவு. கண்ணை மூடினால் சினிமா மாதிரி பளிச்சென்று கனவாக வந்து எழுப்பிவிடும், அதைப் பார்த்துப் பயந்தே பலர் திரும்ப இழுத்துவிடுகிறார்கள். கஞ்சா கனவு வருகிற தூக்கத்தை அமுக்கி வைத்திருந்தது. அது விலகியதும் சேர்த்து வைத்தது எல்லாம் வருகிறது. போகப்போகச் சரியாகும்.

இங்கே ஓட்டம் நேராக உதவும். அன்றைக்கு உடம்பு களைத்திருந்தால் ராத்திரி படுக்கை கொஞ்சமாவது பிடிக்கும், ஆனால் படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்னாலேயே முடித்துவிடுங்கள். சோறு இறங்காத நாளில் கட்டாயப்படுத்தாதீர்கள். உளுந்தங்கஞ்சி, இட்லி, மோர்ச்சோறு, வாழைப்பழம், எது இறங்குகிறதோ அது. ஓடி முடித்த அரை மணியில் பசி எட்டிப்பார்க்கும், அந்த நேரத்தை விட்டுவிடாமல் சாப்பிடுங்கள். வீட்டில் ஒருவரிடமாவது முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: ‘ரெண்டு வாரத்துக்கு நான் கத்துவேன், மனசுல வச்சுக்காதீங்க’ என்று.

பீடியிலிருந்து புகையிலையைத் தட்டிவிட்டுக் கலந்து அடிக்கிறோம். அதனால் வித்தியாசம் உண்டா?

உண்டு. பாதிப் புகையிலை சேர்ந்து இருந்தால் உங்களைப் பிடித்திருப்பது இரண்டு, கஞ்சா ஒன்று, நிகோடின் ஒன்று. கஞ்சாவைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் சிகரெட்டை ஏற்றுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். ஓட்டம் நிகோடின் தேட்டத்தையும் சற்று நேரத்துக்குத் தணிக்கும். முடிந்தால் இரண்டையும் சேர்த்தே குறையுங்கள்.

கொழுப்பில் தங்கியிருக்கிற கஞ்சா ஓடினா ரத்தத்துக்கு வந்துடுமாமே? டெஸ்ட்ல மாட்டுவேனா?

டி.எச்.சி. கொழுப்பில் போய்த் தங்குவது உண்மை. ஆஸ்திரேலியாவில் 2013-இல் வழக்கமாக இழுக்கிற 14 பேரை 35 நிமிடம் சைக்கிள் மிதிக்கவைத்துப் பார்த்தார்கள், ரத்தத்தில் டி.எச்.சி. கொஞ்சம் ஏறியது, இரண்டு மணி நேரத்தில் அடங்கிவிட்டது. போதை ஏறுகிற அளவு இல்லை. சிறுநீர்ப் பரிசோதனையோ வேறு விஷயம், தினமும் இழுத்தவருக்கு நிறுத்திப் பல நாள், சிலருக்கு ஒரு மாதம்வரைகூடக் காட்டும். ஓடி வேர்த்து அதை விரட்டிவிடலாம் என்பது நடக்காத காரியம்.

எனக்கு ஓட்டமே பிடிக்காது. கபடி, கிரிக்கெட், ஆத்துல நீச்சல் எல்லாம் ஆகாதா?

ஆகும். மூச்சு வாங்கி வேர்க்கவேண்டும், அரை மணி நீடிக்கவேண்டும், வாரத்தில் பல நாள் நடக்கவேண்டும். இந்த மூன்றும் வந்தால் பேர் எதுவானாலும் சரி.

கபடிக்கு என் ஓட்டு எப்போதும் உண்டு. கபடிக் களத்தில் நான்கு பேர் உங்களைக் காலைப் பிடித்து இழுக்கும்போது வேறு நினைப்புக்கு இடமே கிடையாது, பாடிக்கொண்டு போய்விட்டுக் கோட்டைத் தொடுகிற அந்த மூச்சுக்கு ஈடு ஒன்றும் இல்லை. இன்னொன்று, அணி என்று ஒன்று இருந்தால் நீங்கள் வராத அன்றைக்கு ‘ஏல எங்க இருக்க’ என்று போன் வரும். தனியாக ஓடுகிறவனுக்கு அந்தப் போன் வராது. ஒரே சிக்கல், சில இடங்களில் மேட்ச் முடிந்த பிறகு கூடுகிற கூட்டம். விசில் அடித்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்துவிடுகிற ஒரு கூட்டாளியோடு சேர்ந்து போங்கள், வாருங்கள்.

சிலம்பம் அருமையான பயிற்சி. வேகமாகக் கம்பு சுற்றும்போது கவனம் கொஞ்சம் பிசகினால் மணிக்கட்டில் அடி விழும், அதனாலேயே மனசு அலையாது. டென்னிஸ் பந்துக் கிரிக்கெட்டில் பாதி நேரம் நிற்பதுதான், அதனால் அதோடு பதினைந்து நிமிட ஓட்டத்தையும் சேருங்கள். சைக்கிள் இருந்தால் பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் ரோட்டில் கிருஷ்ணாபுரம்வரை போய்த் திரும்பலாம், விடியற்காலையில் மட்டும், லாரி நடமாட்டத்துக்கு முன்னால்.

தாமிரபரணியில் நீந்துவது பற்றிக் கண்டிப்பாகச் சொல்கிறேன். நீச்சல் தெரிந்தவர், தெரிந்த படித்துறை, கூட ஆள், இந்த மூன்றும் இருந்தால் சரி. போதையில் தண்ணீரில் இறங்காதீர்கள். பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்தால் கீழே ஆற்றின் இழுப்பு மாறிவிடும், சுழலும் கசமும் (ஆற்றுக்குள் இருக்கிற ஆழமான பள்ளம்) கண்ணுக்குத் தெரியாது. தெளிந்த தலையோடு இருக்கிறவனுக்கே கஷ்டம்.

நான் பெண். வெளியே சொல்லவும் முடியாது, மைதானத்தில் தனியாக ஓடவும் கூச்சம்.

உங்களைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள், ஹாஸ்டலில், வேலைக்குப் போன ஊரில் பழகியவர்கள். வெளியே தெரிந்தால் ஆணுக்கு ஒரு பேச்சு, பெண்ணுக்குப் பத்துப் பேச்சு என்பதால் உதவி கேட்கவே தயங்குகிறீர்கள், அது அநியாயம். அறைக்குள்ளேயே ஆரம்பிக்கலாம். ஸ்கிப்பிங் கயிறு ஒன்று போதும்: ஒரு நிமிடம் குதித்து ஒரு நிமிடம் நின்று, பத்துத் தடவை. பாட்டைப் போட்டுவிட்டு 30 நிமிடம் ஆடலாம், வேர்த்தால் கணக்குச் சரி. காலையில் நடக்க வருகிற அக்காமார் கூட்டம் எல்லா மைதானத்திலும் இருக்கிறது, பின்னாலேயே நடக்க ஆரம்பியுங்கள், யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். கர்ப்பமாக இருந்தாலோ குழந்தைக்குப் பால் கொடுத்தாலோ உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், அங்கே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்போம் என்ற பேச்சு கிடையாது.

மகன் சட்டைப் பையில் பொட்டலம் இருந்ததைப் பார்த்துவிட்டேன். அவன் அப்பாவிடம் சொன்னால் அடிப்பார். நான் என்ன செய்ய?

அம்மா, முதலில் இன்றைக்கு ராத்திரி சண்டை வேண்டாம். போதையில் இருக்கும்போது பேசினால் உங்களுக்கும் பதில் கிடைக்காது, அவனுக்கும் காதில் ஏறாது. மறுநாள் காலையில், சாப்பாடு போட்டுவிட்டு, ‘நான் பார்த்தேன், எனக்குப் பயமா இருக்கு’ என்று மட்டும் சொல்லுங்கள். யார் கொடுத்தான், எவ்வளவு நாளாக என்ற விசாரணை அப்புறம்.

அடிப்பதாலும் அறையில் பூட்டுவதாலும் பழக்கம் மறைவாகுமே தவிரக் குறையாது. காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் தெளித்து எழுப்பி மைதானத்துக்கு இழுத்துப் போவதும் அதே வகைதான், பயிற்சியைத் தண்டனையாக்கிவிட்டால் அவன் அதையும் வெறுப்பான். மேலப்பாளையம் பக்கத்து அம்மா ஒருவர் செய்ததைச் சொல்கிறேன். நாள் முழுக்க உட்கார்ந்து பீடி சுற்றி முட்டு வலி அவருக்கு. ‘டாக்டர் நடக்கச் சொல்லிட்டாரு, தனியா போகப் பயமா இருக்கு, கூட வாடா’ என்று மகனைச் சாயங்காலம் கூட்டிக்கொண்டு போனார். வலியும் நிஜம், டாக்டர் சொன்னதும் நிஜம். நடந்துகொண்டே பேசும்போது முகத்துக்கு முகம் பார்க்கவேண்டியதில்லை. அந்த நடையில்தான் அவன் வாயைத் திறந்தான்.

போலீஸ் தேர்வுக்கு ஓடுகிறேன். இதனால் பாதிப்பு இருக்குமா?

நுரையீரலுக்கு இருக்கும். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்களுக்கு 1500 மீட்டரை ஏழு நிமிடத்தில் முடிக்கவேண்டும். புகை பிடிக்கிறவனுக்கு மூன்றாவது சுற்றில் தெரிந்துவிடும். அதைவிடப் பெரியது வழக்கு. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா புகைத்தாலே ஆறு மாதம்வரை சிறை, அல்லது 10,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். ‘கூட்டாளிக்காக வச்சிருந்தேன்’ என்பது அந்தச் சட்டத்தில் செல்லாது. ஒரு வழக்கு விழுந்தால் காக்கிச்சட்டைக் கனவு அதோடு போய்விடக்கூடும்.

டாக்டரிடம் போனால் போலீஸுக்குச் சொல்லிவிடுவாரா?

சிகிச்சைக்கு வருகிறவரின் விவரத்தை ரகசியமாக வைக்கவேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ பிரிவு இருக்கிறது: புகைத்ததற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கு விழுந்த, பழக்கத்துக்கு அடிமையான ஒருவர், தானாக முன்வந்து அரசு நடத்துகிற அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்து முடித்தால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. பாதியில் விட்டால் விலக்கும் போகும்.

ஹைகிரவுண்டில் இருக்கிற திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போனில் பேசவேண்டுமென்றால் போதை மீட்புக்கு 14446, மனநலத்துக்கு டெலிமானஸ் 14416, இரண்டும் கட்டணமில்லாதவை. ‘ஆஸ்பத்திரிக்குப் போனா பைத்தியம்னு சொல்லுவாங்க’ என்று பயந்து தள்ளிப்போடாதீர்கள். 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட கணக்கெடுப்பில், இந்தியாவில் ஓராண்டுக்குள் கஞ்சா வகையறாவைப் பயன்படுத்தியவர்கள் சுமார் 3.1 கோடிப் பேர், உதவி தேவைப்படுகிற அளவில் இருப்பவர்கள் சுமார் 72 லட்சம். நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை.

யாருக்கு ஓட்டம் மட்டும் போதாது?

யாரோ பின்தொடர்கிறார்கள், தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று சந்தேகம் வருகிறவர்; ஆள் இல்லாமல் குரல் கேட்கிறவர்; சாகலாமா என்று நினைக்கிறவர். இவர்கள் இன்றைக்கே டாக்டரிடம் போகவேண்டும், ஓட்டமெல்லாம் பிறகு. வீட்டில் யாருக்காவது மனச்சிதைவு நோய் இருந்தால் உங்களுக்கு ஆபத்து அதிகம், குறைப்பது போதாது, நிறுத்தவேண்டும். விட்டு விட்டு வாந்தி வந்து வெந்நீரில் குளித்தால் மட்டும் அடங்குகிறது என்றால் அதுவும் நீண்ட நாள் கஞ்சாவால் வருவதுதான், அல்சர் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு இருக்காதீர்கள்.

கஞ்சாப் பழக்கத்துக்கென்றே ஒரு மாத்திரை இன்னும் வரவில்லை. பேச்சு வழி ஆலோசனைதான் முக்கியச் சிகிச்சை. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் டாக்டர் சில நாளுக்கு மருந்து தரலாம். ஓட்டம் அதோடு சேர்ந்து போகட்டும்.

மூணு வாரம் நல்லா இருந்தேன், நேத்து மறுபடி அடிச்சுட்டேன். எல்லாம் போச்சா?

போகவில்லை. மூன்று வாரம் ஓடிய நெஞ்சும் காலும் ஒரு ராத்திரியில் எங்கும் போய்விடாது. இன்றைக்குச் சாயங்காலம் அதே ஐந்து மணிக்கு வாங்க. சறுக்கியதற்காக இரட்டிப்பாக ஓடித் தண்டித்துக்கொள்ளவும் வேண்டாம்.

எங்க ஊர்க் கோயில்ல கொடைத் திருவிழா வருது. சென்னையிலயும் திருப்பூர்லயும் இருக்கிற பசங்க எல்லாம் வருவாங்க. அந்த மூணு நாளை எப்படிச் சமாளிக்க?

வரி கட்டிய ஊர்க்கொடைக்குப் போகாமல் இருக்கச் சொல்லமாட்டேன். கையில் வேலை வாங்கிக்கொள்ளுங்கள். பந்தல், தண்ணீர், மைக் செட், சமையல் பந்தியில் பரிமாறுவது என்று எதிலாவது பேர் கொடுத்துவிட்டால் ‘வாடா, அந்தப் பக்கம் போவோம்’ என்று கூப்பிடும்போது போக முடியாததற்கு நியாயமான காரணம் இருக்கும். வில்லுப்பாட்டு ஆரம்பித்தால் பெரியவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள், நடுச்சாமத்துக்கு மேல் கோயிலுக்குப் பின்பக்கம் இருட்டில் நிற்கவேண்டாம். வருகிறவர்களில் உங்களுக்கு மிக நெருக்கமான ஒருவனிடம் மட்டும் போனிலேயே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள், நான் குறைச்சுக்கிட்டு வர்றேன், எனக்கு நீட்டாத என்று. அந்த ஒருவன் போதும், மற்றவர்களை அவன் பார்த்துக்கொள்வான்.

முதல் நாள் கொடையைத் தொடங்கிவைக்கிற குடியழைப்புக்கு முன்னாலேயே அன்றைய 30 நிமிடத்தை ஓடி முடித்துவிடுங்கள். இரண்டாம் நாள் ராத்திரி முழுக்கத் தூக்கம் இருக்காது, ஆகவே மறுநாள் ஓட்டம் வேண்டாம், நன்றாகத் தூங்கி எழுந்து ஊர்க்குளத்தங்கரையை ஒரு சுற்று நடந்தால் போதும், அந்த நெருங்கிய கூட்டாளியையும் கூட்டிக்கொண்டு.